புலுனி, தேனீ, குயில் குஞ்சு: பிறர்நலமும் நேர்மையும் கூர்ப்படைந்தது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் கூடுவார்கள். கம்பஸில் விலங்கியல் படிக்கும் பழைய மாணவர்களும் சிலவேளை வந்து குந்துவார்கள். கூர்ப்பு (பரிணாமம்) பாடத்தில் விலங்கு நடத்தைக்கு வந்தவுடன் ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். முன்னால் உள்ள கேள்விகள் இலகுவானவை, போகப் போகக் கடினமானவை. ஆதலால் மேலிருந்தே வாசியுங்கள்.

"ரீச்சர், பிறர்நலம் எண்டா நல்ல மனசு தானே? அதுக்கேன் கணக்கு?"

பேச்சு வழக்கில் அது மனசைப் பற்றிய சொல். உயிரியலில் மனசைப் பார்ப்பதில்லை, சந்ததிகளை எண்ணுகிறோம். ஒரு விலங்கு செய்யும் காரியத்தால் அதன் வாழ்நாள் சந்ததி எண்ணிக்கை குறைந்து, வேறொன்றின் எண்ணிக்கை கூடினால் அது பிறர்நலச் செயல். எறும்புக்கு இரக்கம் உண்டா என்பது வேறு கேள்வி.

கணக்கு வேண்டியிருப்பதற்குக் காரணம், இயற்கைத் தேர்வே ஒரு கணக்கு என்பதுதான். எந்தப் பரம்பரையலகு (ஜீன்) அடுத்த தலைமுறையில் கூடுதலாக நிற்கிறது என்பது மட்டுமே அதில் முடிவு. அப்படியானால் கொடுப்பவர் குறைந்துகொண்டே போய் அழிந்திருக்க வேண்டும். ஆனால் அழியவில்லை. இந்த முரணைத்தான் அவிழ்க்கப் பார்க்கிறோம்.

"மாதிரியுரு எண்டு சொல்லுறியள். அது கொம்பியூட்டரில செய்யிறதோ?"

கொம்பியூட்டர் இல்லாமலும் செய்யலாம். நாங்கள் புளியங்கொட்டையில் செய்கிறோம். வறுத்துத் தோல் உரித்த கொட்டை வெள்ளை, உரிக்காதது கறுப்பு. வெள்ளை உதவி செய்யும், கறுப்பு செய்யாது. ஒரு பையில் 20 வெள்ளை, 20 கறுப்பு போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு சோடி சோடியாக எடுக்க வேண்டும். எல்லாக் கொட்டைக்கும் அடிப்படையில் 5 புள்ளி. வெள்ளை தன்னில் 1 புள்ளியை இழந்து, சோடிக்கு 3 புள்ளி கொடுக்கும். கடைசியில் புள்ளிகளின் விகிதத்துக்கு ஏற்ப அடுத்த சுற்றுக்குக் கொட்டைகளைப் பையில் போடுவோம்.

சராசரியைப் பாருங்கள். வெள்ளைக்கு 5 - 1 + 1.5, அதாவது 5.5. கறுப்புக்கு 5 + 1.5, அதாவது 6.5. சோடி குலுக்கலில் அமையும்வரை கறுப்பு எப்போதும் 1 புள்ளி முன்னால் நிற்கும். சுற்றுகள் போகப் போகப் பை கறுத்துப்போகும். முதல்முறை செய்யும்போது பிள்ளைகளின் முகம் வாடுவதைக் கண்டிருக்கிறேன்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். பாதிச் சோடிகளை நிறம் பார்த்து, ஒரே நிறமாக நூலால் கட்டிவிடுங்கள். மிச்சப் பாதி பழையபடி குலுக்கல். வெள்ளைக்கு வெள்ளைச் சோடி கிடைக்கும் வாய்ப்பு 0.75 ஆகக் கூடுகிறது, கறுப்புக்கு வெள்ளைச் சோடி கிடைப்பது 0.25 ஆகக் குறைகிறது. வெள்ளையின் சராசரி 6.25, கறுப்பின் சராசரி 5.75. உதவியின் அளவும் செலவும் அப்படியே இருக்க, உதவி யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது மாறியதால் பை வெளுக்கத் தொடங்குகிறது. மாதிரியுரு என்பது இவ்வளவுதான்: விதியை வெளிப்படையாக எழுதி வைத்து, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பது.

"தேனீ குத்தினாச் செத்துப்போகும். செத்த தேனீயின்ர குணம் எப்பிடி அடுத்த பரம்பரைக்குப் போகும்?"

குத்திய தேனீ மூலம் போகாது, அதன் உறவுகள் மூலம் போகும். மேலே நூல் செய்த வேலையை இயற்கையில் இரத்த உறவு செய்கிறது. உயிரியலாளர் வில்லியம் ஹமில்டன் 1964 இல் இதை ஒரு வரியில் எழுதினார்: உறவுக் குணகத்தை (உறவால் பொதுவாகும் பரம்பரையலகுப் பங்கை) நன்மையால் பெருக்கி வரும் தொகை, செலவைவிடக் கூடினால் உதவும் குணம் பரவும். கூடப்பிறந்தவருக்குக் குணகம் 1/2, தாய் அல்லது தந்தை மட்டும் பொதுவென்றால் 1/4, மாமா மாமி பிள்ளைகளான மச்சான் மச்சாளுக்கு 1/8. கொட்டைக் கணக்கிலும் 1/2 × 3 - 1 = 0.5, அதே 0.5 தான் வெள்ளை முன்னால் நின்ற அளவு. இரண்டு சகோதரருக்காக அல்லது எட்டு மச்சான்மாருக்காக உயிரைக் கொடுப்பேன் என்று ஜே. பி. எஸ். ஹால்டேன் சொன்னதாகப் பேசப்படுவதும் இந்தக் கணக்கே.

வேலைக்காரத் தேனீக்குச் செலவும் சின்னது. அது பெரும்பாலும் முட்டையிட்டுத் தன் குலத்தைப் பெருக்குவதில்லை. இழப்பதற்கு அதனிடம் சொந்தச் சந்ததி கிட்டத்தட்ட இல்லை. கூட்டில் இருக்கும் இராணியோ அதன் தாய்.

"புத்தகத்தில தேனீச் சகோதரிகளுக்கு 3/4 எண்டு கிடக்கு. அதுதானே முழுக் காரணம்?"

முழுக் காரணம் இல்லை. ஆண் தேனீ கருக்கட்டாத முட்டையிலிருந்து வரும் ஒருமடியம், அதாவது அதற்கு நிறமூர்த்தத் தொகுதி ஒன்றுதான். அதனால் தந்தை ஒருவரே என்றால் சகோதரிகளுக்கிடையே 3/4 வரும். ஆனால் சகோதரனுடன் 1/4 தான், இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பழைய 1/2. தேனீ இராணி பல ஆண்களுடன் சேர்வதால் அந்த 3/4 உம் இறங்கிவிடும். கறையான் இருபாலும் இருமடியம் (இரண்டு தொகுதி), ஆனாலும் அது பெரும் சமூகமாக வாழ்கிறது.

2008 இல் தேனீ, குளவி, எறும்பு என 267 இனங்களை ஒப்பிட்ட ஆய்வு, இவற்றின் ஆதி வழிகளில் இராணி ஒரே ஆணுடன் சேர்ந்தவளாகவே இருந்தாள் என்று காட்டியது. அப்படியென்றால் தன் பிள்ளையும் தன் சகோதரமும் ஒரே விலை. வீட்டில் நின்று உதவுவதில் சிறு இலாபம் இருந்தாலே போதும்.

"எங்கட வளவில புலுனி கூட்டமாத் திரியுது. எல்லாம் ஒரே குஞ்சுக்குத் தீனி குடுக்குதே, ஏன்?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. புலுனியைத் தமிழகத்தில் தவிட்டுக்குருவி என்பார்கள். ஒரு சித்திரை மாதம் எங்கள் கிணற்றடித் தேசி மரத்தில் அவை கூடு வைத்தன. நான் துலாக்காலோடு சாய்ந்து நின்று பார்த்தேன். எல்லாம் ஒரே சாயல். ஒன்றுக்கு மட்டும் வாலிறகு ஒன்று முறிந்து தொங்கியது, அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டேன். அது வெட்டுக்கிளியைக் கிளையில் இரண்டு மூன்று தரம் அடித்துக் காலைக் கழற்றிவிட்டுக் கூட்டுக்கு வரும். உள்ளே ஏற்கனவே இன்னொன்று தீத்திக்கொண்டிருந்தால், பக்கத்துக் கொப்பில் காத்து நிற்கும். இரண்டு பெற்றோரைவிடக் கூடுதலான பறவைகள் அந்தக் கூட்டுக்கு இரை கொண்டுவந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஓர் இளம் பறவை தனியே போனால் இரண்டு குஞ்சு வளர்க்கும், ஆனால் இடம் கிடைக்க வாய்ப்பு பாதி என்று வைப்போம். சராசரி 1 குஞ்சு, உறவால் பெருக்க 1/2. வீட்டில் நின்று உதவினால் இரண்டு சகோதரங்கள் மேலதிகமாகத் தப்பும் என்றால், 2 × 1/2 = 1. நிற்பதுதான் இலாபம். தாய் மாறிவிட்டால் அவை அரைச் சகோதரங்கள், 2 × 1/4 = 1/2, இப்போது இரண்டும் சமம். வேலிக்கு அப்பால் வெற்று வளவுகள் கூடினால் கணக்கு மறுபக்கம் சாயும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. என் தேசி மரத்துப் பறவைகள் சகோதரங்கள்தானா என்று கண்ணால் சொல்ல ஏலாது. அதற்கு டிஎன்ஏ பார்க்க வேண்டும். கூட்டம் பெருத்தால் வல்லூற்றை முதலில் காணலாம், நாளைக்கு இந்த வளவே தன்னுடையதாகலாம். இப்படி உறவில்லாத இலாபங்களும் உதவிக்குள் ஒளிந்திருக்கும்.

"இனம் அழியாமல் இருக்கத்தானே ரீச்சர் இதெல்லாம்?"

பரீட்சையில் இப்படி எழுதாதீர்கள். விலங்கியலாளர் வைன்-எட்வேர்ட்ஸ் 1962 இல் விலங்குகள் கூட்டத்தின் நன்மைக்காகத் தங்கள் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்று விரிவாக வாதிட்டார். அந்தக் கருத்துக்கு நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தக் கூட்டத்துக்குள் ஒரு கறுப்புக் கொட்டை வந்து விழுந்தால் என்ன நடக்கும்? கட்டுப்பாடில்லாமல் பெருகுவது அதுதான், அடுத்த தலைமுறையில் கூடுவதும் அதுதான். கூட்டங்களுக்கிடையிலான தேர்வு நடக்கவே நடக்காது என்று சொல்ல வரவில்லை. உள்ளே நடக்கும் போட்டியை அது வெல்லும் அளவுக்குப் பலமாக இருக்கிறதா என்று கணக்குக் காட்ட வேண்டும். 1970 இல் ஜோர்ஜ் பிரைஸ் எழுதிய சமன்பாடு இந்த இரண்டு பகுதியையும் பிரித்துக் காட்டுகிறது.

அதே பிரைஸும் ஜோன் மேனாட் ஸ்மித்தும் 1973 இல் கொண்டுவந்த எண்ணக்கரு, கூர்ப்பில் உறுதியான உபாயம். எல்லோரும் ஓர் உபாயத்தைக் கையாளும்போது, வேறுவிதமாக நடக்கும் ஓர் ஆள் புகுந்து பெருக முடியாவிட்டால் அது உறுதியானது. கீழே வரும் எல்லாப் பதிலுக்கும் இதுதான் உரைகல்.

"சொந்தமே இல்லாதவைக்கும் உதவுதுகள் தானே?"

உதவுகின்றன. 1971 இல் ரொபர்ட் ட்ரிவர்ஸ் கொடுக்கல் வாங்கல் வழியைச் சொன்னார்: இன்றைக்கு நான், நாளைக்கு நீ. கொஸ்ரா ரிக்காவில் இரத்தம் குடிக்கும் வௌவால்கள், இரை கிடைக்காமல் வந்த தோழிக்குக் குடித்த இரத்தத்தைக் கக்கிக் கொடுப்பதை ஜெரால்ட் வில்கின்சன் 1984 இல் வெளியிட்டார். இரண்டு மூன்று இரவு பட்டினி கிடந்தால் அந்த வௌவால் செத்துப்போகும். வயிறு நிறைந்தவளுக்குச் சிறு செலவு, பசித்தவளுக்கு உயிர். பின்னாளில் செய்த சோதனைகளில், முன்பு யார் தந்தார்கள் என்பது இரத்த உறவைவிட நன்றாகவே கொடுப்பதை முன்கூட்டிச் சொன்னது. இந்த வழிக்கு மீண்டும் மீண்டும் சந்திப்பதும், தராதவரை நினைவில் வைத்து விலக்குவதும் கட்டாயம்.

"காகம் கரைஞ்சு கூட்டத்தைக் கூப்பிட்டுத்தானே சாப்பிடுது. அது பிறர்நலம் இல்லையோ?"

முற்றத்தில் சோறு வைக்கும் நாம் எல்லோரும் கண்ட காட்சி. ஆனாலும் அவசரப்படக் கூடாது. காகத்தின் உறவான அண்டங்காக்கை இனமொன்றை வட அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, இளசுகள் இறைச்சியைக் கண்டால் கூட்டம் சேர்ப்பது தெரியவந்தது. அந்த இடத்துக்குச் சொந்தக்காரச் சோடி தனியாளைத் துரத்திவிடும், கூட்டமாக வந்தால் துரத்த முடியாது. அழைத்தவருக்கே இலாபம். எங்கள் முற்றத்துக் காகம் எதற்காகக் கரைகிறது என்பதை, தனியே வந்தபோதும் கூட்டமாக வந்தபோதும் அதற்கு எத்தனை வாய் கிடைத்தது என்று எண்ணித்தான் சொல்லலாம்.

"அப்ப அம்மா எங்களுக்காகப் பட்ட கஷ்டமெல்லாம் வெறும் கணக்கோ?"

இதைக் கேட்ட பிள்ளையின் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. இல்லை, பிள்ளை. அம்மா கணக்குப் பார்க்கவில்லை. அவவின் அன்பு முழு உண்மை. ஏன் அன்பு வருகிறது என்பதற்கு இரண்டு மட்டத்தில் விடை உண்டு. நெஞ்சில் என்ன நடக்கிறது என்பது ஒன்று. அப்படி நெகிழும் நெஞ்சு தலைமுறை தலைமுறையாக ஏன் நிலைத்தது என்பது மற்றது. இரண்டாவது விடை முதலாவதை அழிப்பதில்லை. பசியின் வரலாறு தெரிந்தவுடன் பசி பொய்யாகிவிடுவதில்லையே.

"விலங்குகள் பொய் சொல்லுமோ?"

சொல்லும். ஆபிரிக்காவின் கலகாரியில் கரிச்சான் இனம் ஒன்று, வேறு விலங்கு இரையைக் கிண்டியெடுத்தவுடன் பொய்யாக அபாயக் குரல் கொடுக்கும். அது இரையைப் போட்டுவிட்டு ஓட, இது எடுத்துத் தின்னும். ஆச்சரியமெல்லாம் மறுபக்கத்தில் இருக்கிறது: பொய்யில் இவ்வளவு இலாபம் இருந்தும் பெரும்பாலான சமிக்ஞைகள் ஏன் நம்பத்தக்கவையாக இருக்கின்றன? எல்லாமே பொய்யானால் கேட்பவர் காதை மூடிக்கொள்வார், பிறகு கத்துவதில் பயனே இல்லை. கரிச்சானும் பெரும்பாலும் உண்மை சொல்வதால்தான் அதன் இடையிடைப் பொய் பலிக்கிறது.

"சமிக்ஞைக்குச் செலவு இருந்தாத்தான் நேர்மை எண்டு படிச்சம். சரியோ?"

பாதி சரி. 1975 இல் அமொட்ஸ் சஹாவி, மயில் தோகை போன்ற சுமையைத் தாங்க ஏலுமானவர்தான் தாங்குவார், ஆகவே சுமையே சான்று என்றார். பலர் நம்பவில்லை. 1990 இல் அலன் கிராஃபென் கணிதத்தில் அது நடக்கக்கூடியது என்று காட்டினார். வேட்டை விலங்கைக் கண்டவுடன் துள்ளிக் காட்டும் மான்களை நினையுங்கள்: செரங்கெட்டியில் காட்டுநாய்கள், குறைவாகத் துள்ளும் மான்களையே தெரிந்தெடுத்துத் துரத்தின என்று 1988 இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

ஆனால் நேர்மையைக் காப்பது உண்மை பேசுபவர் செலுத்தும் விலை என்று நினைத்தால் பிழைக்கும். பொய் சொன்னால் என்ன இழப்பு என்பதே கேள்வி. 1991 இல் மேனாட் ஸ்மித் சேர் பிலிப் சிட்னி விளையாட்டு என்ற மாதிரியுருவைத் தந்தார். 1586 இல் சுட்பென் போரில் காயப்பட்ட சிட்னி, தன் தண்ணீரை இன்னொரு காயக்காரனுக்குக் கொடுத்தார் என்ற கதையிலிருந்து வந்த பெயர். அதை ஒரு தாய்ப்பறவைக்கும் குஞ்சுக்கும் போடுவோம். இரை கிடைத்தால் பசித்த குஞ்சுக்கு இலாபம் 8, பசிக்காத குஞ்சுக்கு 1. கொடுத்தால் தாய்க்குச் செலவு 3. உறவு 1/2. தாய் பசித்ததற்குக் கொடுப்பது சரி, ஏனென்றால் 8 × 1/2 = 4, அது 3 ஐவிடப் பெரிது. பசிக்காதது பொய்யாகக் கத்தினால் அதற்கு வருவது 1, ஆனால் தாயின் இழப்பில் பாதி, 1.5, அதன் தலையிலும் விழும். பொய் நட்டம். கத்துவதற்கு ஒரு சதமும் செலவில்லாமலே இங்கே நேர்மை நிற்கிறது.

இப்போது பசிக்காததன் இலாபம் 3 என்று மாற்றுங்கள். 3 - 1.5 = 1.5, பொய் இலாபம் தரும். இப்போதுதான் கத்துவதற்குச் செலவு வேண்டும், அதுவும் 1.5 க்கு மேல். அந்தச் செலவு 8 - 1.5 = 6.5 ஐத் தாண்டினால் பசித்த குஞ்சே வாயை மூடிவிடும். இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள், பாடமாக்கத் தேவையில்லை.

"காகக் கூட்டில குயில் குஞ்சு கத்துதே. அதை என்னெண்டு தடுக்கிறது?"

மேலேயுள்ள கணக்கில் உறவை 0 ஆக்குங்கள். காகத்தின் இழப்பு குயில் குஞ்சின் தலையில் விழாது, அந்த 1.5 மறைந்துவிடும். மிச்சமிருப்பது கத்துவதன் நேரடிச் செலவு மட்டும்: சக்தி, பாம்பு பூனையின் காது. ஐரோப்பியக் குயிலின் குஞ்சு ஒன்று, நாணற் குருவிக் கூட்டில் தனியாக இருந்துகொண்டு ஒரு கூடு நிறைந்த குஞ்சுகளின் சத்தத்தை எழுப்புகிறது என்று 1998 இல் கேம்பிரிட்ஜில் காட்டினார்கள்.

பிறகேன் காகம் ஏமாறுகிறது? அதன் கூட்டில் திறக்கும் வாய்களில் மிகப் பெரும்பாலானவை அதன் சொந்தக் குஞ்சுகள். ஒவ்வொரு வாயையும் சந்தேகித்தால் சொந்தக் குஞ்சு பட்டினி கிடக்கும். குயில் பெருகப் பெருக அந்தத் தராசு மாறும்.

"செலவில்லாத அடையாளத்தை ஆரும் வரைஞ்சு கொண்டு வரலாமே?"

வரலாம், அடி விழும். ஒரு காகிதக் குளவி இனத்தில் முகத்துக் கறுப்புப் புள்ளிகள் பலத்தைக் காட்டுகின்றன. புள்ளியை வரைவதற்குக் கிட்டத்தட்டச் செலவில்லை. 2004 இல் வெளிவந்த பரிசோதனையில், முகத்தில் வண்ணம் பூசிப் பலமானவை போல் மாற்றப்பட்டவை மற்றக் குளவிகளிடம் கூடுதலாகத் தாக்கப்பட்டன. சோதித்துப் பார்ப்பவர் இருக்கும்வரை அடையாளம் நிற்கும்.

சோதிப்பது கடினமென்றால் பொய் நுழையும். கடனீரேரிச் சேற்றில் ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றின் சில இனங்களில், இழந்த கொடுக்கு திரும்ப முளைக்கும்போது நீளம் அதே, தசையோ குறைவு. எதிராளிக்குப் பார்வையில் பிடிபடாது.

"எல்லாப் புலுனிக்கும் 99 வீதம் ஒரே பரம்பரையலகு தானே? பிறகென்ன சகோதரத்துக்கு மட்டும் பாதி?"

கெட்டிக்காரக் கேள்வி. புளியங்கொட்டைக்குத் திரும்புங்கள். பையில் 99 வெள்ளை, 1 கறுப்பு, குலுக்கல் சோடி என்று வையுங்கள். வெள்ளைக்கும் கறுப்புக்கும் வெள்ளைச் சோடி கிடைக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். இருவருக்கும் ஒரே உதவி வருகிறது, வெள்ளை மட்டும் செலவு செய்கிறது, கறுப்பு 1 புள்ளி முன்னால். உறவுக் குணகம் அளப்பது பொதுவாக எவ்வளவு ஒற்றுமை என்பதை இல்லை. குலுக்கலில் கிடைப்பதைவிட எவ்வளவு மேலதிக ஒற்றுமை என்பதையே அளக்கிறது. நூல் கட்டியபோது நாம் கூட்டியதும் அந்த மேலதிகத்தைத்தான்.

"அப்ப சொந்தக்காரர் எல்லாம் ஒரே இடத்தில கிடந்தாலே காணும் தானே?"

காணாது. பக்கத்தில் இருப்பவர் உறவுக்காரர் மட்டுமில்லை, போட்டிக்காரரும். ஒரு சிரட்டைக்குள் நாலு கொட்டைதான் கொள்ளும் என்று விதி வைத்தால், நான் உதவிப் பெருக்கிய சகோதரம் என் இன்னொரு சகோதரத்தைத்தான் வெளியே தள்ளும். 1992 இல் பீற்றர் டெய்லர், மிக எளிய மாதிரியுருவில் இந்த இரண்டும் ஒன்றையொன்று சரியாக வெட்டிவிடுகின்றன என்று நிறுவினார். அதே ஆண்டில் நோவாக்கும் ரொபர்ட் மேயும், சதுரக் கட்டங்களில் ஒத்துழைப்பவர் கொத்துக் கொத்தாகத் தப்பிப் பிழைக்கும் மாதிரியுருவை வெளியிட்டார்கள். யார் சாகிறார், காலி இடத்தை யார் நிரப்புகிறார் என்ற விதி வேறாக இருப்பதால் முடிவும் வேறு.

இங்கேதான் பிள்ளைகள் கொம்பியூட்டரில் எழுதும் நிரல்களில் பிழை வருகிறது. ஒருவனுடைய நிரலில் உதவுபவர் எந்த எண் கொடுத்தாலும் வென்றார்கள். இரண்டு பின்னேரம் தேடினோம். குடித்தொகைக்கு எல்லையே போடவில்லை, ஆகவே போட்டியே நடக்கவில்லை. உங்கள் நிரல் மிகவும் இனிப்பான முடிவைத் தந்தால், முதலில் உறவை 0 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் உதவுபவர் வென்றால் எங்கோ பிழை இருக்கிறது.

"2010 இல ஹமில்டன் பிழை எண்டு நிறுவிட்டினமாமே?"

அந்த ஆண்டு நோவாக், டார்னிட்டா, எட்வேர்ட் வில்சன் மூவரும் உறவுத் தேர்வுக் கோட்பாடு, அதாவது ஹமில்டனின் உறவுக் கணக்கு, தேவையில்லை என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். 2011 இல் 137 ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு மறுத்தார்கள். என் நிலைப்பாடு மறுத்தவர்கள் பக்கம். நன்மையையும் செலவையும் மாறா எண்களாக வைத்தால் விதி எல்லா இடத்திலும் பொருந்தாது என்பது உண்மை, அதைக் கவனமாக வரையறுக்க வேண்டும். ஆனால் தேனீக் கூட்டில் ஆண் பெண் விகிதம் எப்படி இருக்கும், யார் யாருடைய முட்டையைத் தின்னும் என்றெல்லாம் முன்கூட்டிச் சொல்லி, போய்ப் பார்த்தபோது சரிவந்தது உறவுக் கணக்கால்தான்.

"வீட்டில இருந்தே நாங்கள் ஏதும் அளக்கலாமோ?"

தாராளமாக. புலுனிக் கூடு கண்டால் பத்து அடிக்கு அப்பால் ஒரே இடத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் இருங்கள். கொப்பியில் மூன்று விடயம் போதும்: வந்த நேரம், இரை என்ன, தீத்தும்போது எத்தனை குஞ்சு எவ்வளவு நேரம் கத்தியது. கடைசியாக இரை கிடைத்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு கத்தல் கூடுகிறது என்று வரைபு போட்டால், கத்தல் பசியைச் சொல்கிறதா என்று உங்கள் கையாலேயே பார்க்கலாம். இறகு முறிந்தது, கால் நொண்டுவது என்று அடையாளம் உள்ள பறவையைத் தனியே குறியுங்கள்.

முட்டை பளபளக்கும் நீலமாக இருக்கும். சுடலைக்குயிலும் அதே கூட்டில் நீல முட்டைதான் இடும், ஆகவே பிறகு ஒரு குஞ்சு மட்டும் வித்தியாசமாகப் பெருத்தால் அதையும் எழுதி வையுங்கள். கூட்டைத் தொட வேண்டாம், கொப்பை விலக்கவும் வேண்டாம். நீங்கள் விலக்கிய இடைவெளியால் முதலில் பார்ப்பது காகம்.